அமைச்சர் அகப்பட்ட கோட்டைவாசல்

நான் இருபத்திரண்டு வருடம் வேலை செய்த நூதனசாலையிலிருந்து, அதாவது அருங்காட்சியகத்திலிருந்து, போன மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஐரோப்பியக் கோட்டைகளைப் பற்றி மறுபடியும் ஒரு கண்காட்சி வைக்கிறார்களாம். இம்முறை மரமும் இல்லை, ஆணியும் இல்லை. பார்வையாளர்கள் கண்ணில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு வெறும் அறையில் நின்றபடி கோட்டையைப் பார்ப்பார்கள். பழைய கண்காட்சியில் கோட்டைவாசலைக் கட்டியவன் என்ற முறையில் நான் இருநூறு சொல்லுக்கு மேற்படாமல், இனிய நினைவுகளை மட்டும் எழுதி அனுப்ப வேண்டுமாம். எழுதிப் பார்த்தேன். இனியவற்றை மட்டும் பொறுக்கினால் நாற்பது சொல்லுக்கு மேல் தேறவில்லை. மிகுதியை இங்கே எழுதுகிறேன்.

நான் படவரைஞன். வன்னியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பதினொரு வருடம் துருசு வரைந்தேன். துருசு என்பது குளத்து நீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் மதகு. இரண்டு பக்கக் கல்லிலும் வெட்டிய தவாளிப்புகளுக்குள் ஒரு கதவு மேலும் கீழும் ஓடும். மொன்றியலுக்கு அகதியாக வந்தபோது இந்த ஊரில் யாருக்கும் துருசு தேவைப்படவில்லை. டவுன்டவுனில் ஒரு உணவகத்தில் ஆறு வருடம் கோப்பை கழுவினேன். பிறகு துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த நூதனசாலையின் தச்சுப் பட்டறைக்கு ஆள் எடுத்தார்கள். நேர்முகத்தில் ஒரு பெட்டியை வரையச் சொன்னார்கள். மூன்று பக்கத் தோற்றமும் அளவுகளும் போட்டு வரைந்து கொடுத்தேன். மூடி எங்கே என்றார்கள். மூடி கேட்கவில்லையே என்றேன். அன்றே வேலை கிடைத்தது. அந்த நிறுவனத்தில் கேட்டதை மட்டும் செய்பவனுக்கு எவ்வளவு மதிப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் மேலதிகாரி கண்காட்சிப் பிரிவின் தலைவர். பட்டறையில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் முசியே பார்ஃபே. ஒரு குறையும் இல்லை, மிக நன்று என்பதற்குப் பிரெஞ்சில் சொல்லும் சொல் அது. கண்ணாடி வந்துவிட்டது என்றால் பார்ஃபே என்பார். கண்ணாடி உடைந்துவிட்டது என்றாலும் பார்ஃபே என்பார். காதில் கோளாறு இல்லை. நாம் பேசத் தொடங்கும்போதே அவர் மனதால் அடுத்த கூட்டத்துக்குப் போயிருப்பார். நகரின் மேற்கே இல்-பிசார் என்ற தீவில் வீடு. காரில் வருவார். பாலத்தில் நெரிசல் என்று அவர் பிந்தி வந்தால் அது செய்தி. மெட்ரோ நின்று நாங்கள் பிந்தினால் அது பழக்கம். ஆனால் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். என் மகளின் பட்டமளிப்பு எப்போது என்று நான் சொல்லாமலே நினைவில் வைத்திருந்து விடுப்புத் தந்தவர் அவர்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த முதற் பத்தாண்டின் நடுவில், கண்காட்சி மண்டபத்தின் முகப்பிலேயே ஒரு கோட்டைவாசல் நிற்க வேண்டும் என்று முடிவானது. உண்மையான அளவில் மூன்றில் இரண்டு பங்கு. பார்வையாளர்கள் அதற்குள்ளால் நடந்துதான் உள்ளே போகவேண்டும். வரலாற்று ஆலோசகராக மதாம் ஒடெத் வந்தார். எழுபத்தெட்டு வயது. முழங்கால் இரண்டும் பழுது, நெஞ்சில் இழுப்பு, நாக்கில் மட்டும் ஒரு குறையும் கிடையாது.

முதல் கூட்டத்திலேயே எங்களுக்குப் பாடம் எடுத்தார். ஒரு கோட்டையில் மிகவும் பலவீனமான இடம் வாசல், ஏனென்றால் சுவரில் அது ஒரு ஓட்டை. ஆரம்பத்தில் ஒரு சதுரக் கோபுரத்தின் அடியில் கதவை வைத்துவிட்டு ஆண்டவனை நம்பினார்கள். அது போதவில்லை. பிறகு வாசலின் இரு புறமும் இரண்டு வட்டக் கோபுரங்கள் எழுந்தன. அவற்றின் அம்புத்துளைகள் வெளியே விரல் அகலம், உள்ளே ஆள் அகலம். முன்னே அகழியும் தூக்குப்பாலமும். இரண்டு கோபுரங்களுக்கும் இடையில் நீண்ட ஒடுங்கிய நடைவழி. அதன் இரண்டு முனையிலும் மேலிருந்து இறங்கும் தூக்குக்கதவு, இரும்புப் பற்கள் வைத்த மரச்சட்டம். எதிரி உள்ளே வரும்வரை விட்டு இரண்டையும் இறக்கினால் அவன் பெட்டிக்குள் எலி. கூரையில் துவாரங்கள். அவற்றுக்குக் கொலைத்துவாரம் என்று பெயர்.

"அதனால்தானே கொதிக்கும் எண்ணெய் ஊற்றுவார்கள்?" என்று முசியே பார்ஃபே ஆவலோடு கேட்டார். சுவரொட்டியில் எண்ணெய்க் கொப்பரை ஏற்கெனவே வரைந்தாகிவிட்டது.

"எண்ணெய் விலை உங்களுக்குத் தெரியுமா? கல் போடுவார்கள். பெரும்பாலும் தண்ணீர் ஊற்றுவார்கள். எதிரி கதவுக்கு நெருப்பு வைப்பான், அதை அணைக்க வேண்டாமா?"

"பார்ஃபே," என்றார் அவர். சுவரொட்டியில் எண்ணெய் அப்படியே இருந்தது.

இன்னொன்றையும் மதாம் சொன்னார். சில கோட்டைகளில் காவல் அதிகாரி வாசலுக்கு மேலேயே குடியிருந்தான். கயிற்றைச் சுற்றிக் கதவைத் தூக்கும் உருளை அவனுடைய அறைக்குள் இருந்தது. வாசற்கட்டடத்தை உட்பக்கமாகவும் பூட்டலாம். அதாவது தன் சொந்தப் படைவீரர்கள் தனக்கு எதிராகத் திரும்பிவிட்டால் அவர்களிடமிருந்தும் அவன் தப்ப வேண்டும். பட்டறைக்காரர்கள் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

வரைபடம் நான் போட்டேன். பார்த்தவுடனே எனக்கு அது துருசுதான். தண்ணீருக்குப் பதில் மனிதர். பிறகு அது குழுக்களுக்குப் போனது. அணுகல் குழு, அகழிக்கு மேல் சக்கர நாற்காலிக்குச் சரிவுப்பாதை கேட்டது. நியாயம். பாதுகாப்புக் குழு, அகழி கணுக்காலுக்கு மேல் ஆழமாக இருக்கக்கூடாது என்றது. பிள்ளைகளின் தலை நுழையாதபடி அம்புத்துளைகளுக்குக் கண்ணாடி வேண்டும் என்றது. மேல்தளத்துக்கு ஏறுபவர்கள் சூயிங்கம் துப்புவார்கள் என்று கொலைத்துவாரங்களுக்குக் கம்பிவலை அடிக்கச் சொன்னது. நடைவழியின் பக்கச்சுவரில் ஓர் அவசரக்கதவு. அதற்கு மேல் ஒளிரும் எழுத்தில் வெளியேறும் வழி, முதலில் பிரெஞ்சில். எழுநூறு வருடத்துக்கு முன் யாரையும் உள்ளே விடாமல் இருக்கக் கண்டுபிடித்ததை, எவரும் எந்த நேரமும் எப்பக்கமும் வெளியேறக்கூடியதாக மூன்று மாதத்தில் திருத்தினோம்.

தூக்குக்கதவு அசையவேண்டும் என்று மதாம் பிடிவாதம். அமைச்சர் நாடாவை வெட்டும்போது அது எழவேண்டும் என்று முசியே பார்ஃபேயின் கனவு. அசைந்தால் பொறியியலாளரின் முத்திரை வேண்டும். ஒரு நிறுவனத்திலிருந்து நிர்மலா வந்தாள். திருச்சிப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இதை யாரு வரைஞ்சது? நீங்களா சார்? தமிழா?"

"ஓம் தங்கச்சி. வன்னியில துருசு வரைஞ்சனான்."

"அதான். கதவோட எடையைப் போட்டிருக்கீங்க. இங்க யாரும் எடை போடறதே இல்ல."

அவள் மூன்று நிபந்தனை போட்டாள். கதவு தானாக இறங்கினாலும் மெதுவாக இறங்கும்படி மறுபக்கம் எதிர்ப்பாரம் தொங்கவேண்டும். தரையில் முழுதாக உட்காராமல் ஒரு முழம் இடைவெளி விட்டு நிற்கவேண்டும், யாருடைய காலும் அகப்படக்கூடாது. மூன்றாவது, கதவைத் தூக்கியவுடன் அதன் கீழே சட்டத்தின் இருபுறமும் இரண்டு இரும்பு ஊசிகள் செருகவேண்டும்.

"உருளையில பல்லும் கொக்கியும் இருக்குத்தானே?" என்றேன்.

"கொக்கி தூக்கறதுக்கு சார். ஊசிதான் ஆள் போறதுக்கு."

அந்த ஒழுங்கை நாங்கள் பத்து நாள் பழகினோம். லூக் என்ற கியூபெக்காரத் தச்சனும் நானும் உருளையின் இரு கைப்பிடியில். நான் எண்ணுவேன், அவன் சுற்றுவான், நானும் சுற்றுவேன். கொக்கி பல்லில் விழும் சத்தம் பதினாறு. பதினாறாவதில் நிறுத்தி, இடது ஊசி, வலது ஊசி. ஒவ்வோர் ஊசியிலும் ஒரு சிவப்புத் துணிப்பட்டை அடித்திருந்தது, கீழே நிற்பவர் பார்த்தால் ஊசி இருக்கிறது என்று தெரிவதற்கு. பிறகு பதிவுப் புத்தகத்தில் நேரம், இருவரின் கையெழுத்து. அதன் பிறகுதான் 'திறந்தது' என்று கத்தவேண்டும். லூக் முதல் நாள் சிரித்தான். மூன்றாம் நாள் நான் கத்த மறந்தபோது அவனே கத்தினான்.

திறப்பு விழா அன்று காலை முசியே பார்ஃபேயிடமிருந்து ஒரு துண்டுக் கடதாசி வந்தது. 'சிவா, சிவப்புப் பொருட்கள் படத்தில் விழும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அவை இல்லை. அமைச்சர் போனபின் போடலாம்.' கீழே கையெழுத்து. துணி ஊசியோடு அடித்தது, தனியே கழற்ற முடியாது என்று தொலைபேசியில் சொன்னேன். அப்படியானால் ஊசியும் வேண்டாம், கொக்கி இருக்கிறதுதானே என்றார். நிபந்தனை இது என்றேன். "பார்ஃபே," என்று வைத்துவிட்டார்.

விழாவில் கதவைத் தூக்கியபின் நான் ஊசிகளைப் போடவில்லை. யாரும் என் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. ஆறு வருடம் கோப்பை கழுவியவனுக்கு மேலதிகாரியின் கையெழுத்து பெரிதாகத் தெரிந்தது. அவ்வளவுதான்.

நாடா வெட்டியாயிற்று. முன் தூக்குக்கதவு எழுந்தது. கைதட்டல். அமைச்சர், அவருடைய செயலாளர், நன்கொடையாளர்கள், மதாம் ஒடெத், முசியே பார்ஃபே, எல்லாமாகப் பதினொரு பேர் நடைவழிக்குள் வந்தார்கள். மதாம் மூன்று நிமிடம் பேச, பின்கதவு எழும் என்பது திட்டம். லூக்கும் நானும் மேலே பின்கதவின் உருளைக்குப் போனோம். அமைச்சரின் புகைப்படக்காரர் துவாரத்தால் படம் எடுக்க மேலே ஏறி வந்தார். தன் பையை மாட்ட ஒரு கொளுக்கி தேடினார். முன் உருளையின் கொக்கித் தண்டு அவருக்கு வசதியாக இருந்தது. பையின் பாரத்தில் கொக்கி பல்லை விட்டு எழும்பியது.

கதவு ஒரு கிழவர் கதிரையில் உட்காருவதுபோல் மெல்ல இறங்கி, ஒரு முழம் விட்டு நின்றது. ஒருவருக்கும் கீறலில்லை. கீழே இன்னும் பலத்த கைதட்டல். நிகழ்ச்சியில் இதுவும் உண்டு என்று நினைத்திருக்கிறார்கள்.

கயிறு உருளையை விட்டு நழுவிச் சட்டத்துக்குள் சிக்கிக்கொண்டது. இழுத்தோம், வரவில்லை. பின்கதவைத் தூக்கலாம் என்றால் அது அசையவே இல்லை. முந்தின நாள் தவாளிப்புகளுக்குப் பழைய கல்லின் தோற்றம் வரச் சாந்து பூசும்படி உத்தரவு போயிருக்கிறது. எங்களிடம் யாரும் சொல்லவில்லை. சாந்து கதவையும் சுவரையும் ஒன்றாக்கிவிட்டது. அவசரக்கதவு? அது வெளிப்பக்கமாகத் திறப்பது. அதன் முன்னால், தொலைக்காட்சிக் கமராவில் படும்படி, பிரதான நன்கொடையாளரின் பெயர்ப்பலகை தரையோடு பூட்டப்பட்டிருந்தது. யாரும் திருடாதபடி விசேடமான போல்ட். அதற்குரிய சாவி பலகையைக் கொண்டுவந்த கம்பனியிடம்.

ஆக, அந்தக் கோட்டைவாசல் தன் கடமையைச் செய்தது.

ஆனால் உள்ளே இருந்தவர்கள் வெளியே வரமுடியாமல் இருக்கவில்லை. ஒரு முழ இடைவெளி இருந்தது. படுத்து ஊர்ந்தால் வந்துவிடலாம். வெளியே நான்கு கமராக்கள் நின்றன. அதுதான் பிரச்சினை. அமைச்சரின் செயலாளர் கமராக்களை நிறுத்தச் சொன்னார். கமராக்காரர்கள் அதற்கு முன்பே இரண்டடி கிட்ட வந்துவிட்டார்கள். அமைச்சர் கம்பிகளுக்கு உள்ளே நின்றபடி, இந்த அரசு கலாசாரத்தின் கதவுகளை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது என்று பேட்டி கொடுத்தார்.

பதினெட்டு நிமிடம் ஒருவரும் குனியவில்லை.

நான் பதற்றத்தில் ஒரு பிழை செய்தேன். சுத்தியலால் பின்கதவை அடித்தேன். சாந்து தூளாகி அந்த ஒடுங்கிய வழிக்குள் கொட்டியது. இரண்டாவது அடியிலேயே மதாம் ஒடெத் இருமும் சத்தம் கேட்டது. பிறகு அது இருமல் இல்லை, விசில்போல ஒரு இழுப்பு. துவாரத்தால் பார்த்தேன். சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். உதடு நிறம் மாறியிருந்தது.

"மருந்து எங்கே மதாம்?"

கையால் வெளியே காட்டினார். கோட்டுப் பையில். கோட்டு மண்டபத்தின் வெளிவாசலில் வாங்கி வைக்கப்பட்டிருந்தது.

நிர்மலாவுக்கு விழாவுக்கு அழைப்பு இல்லை. பொறியியலாளர்களை அழைப்பது வழக்கமில்லை. தானாகவே வந்து கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தாள். மேலிருந்து கத்தினேன்.

"தங்கச்சி! மதாமின்ர கோட்டு, நீல நிறம், பொக்கற்றுக்குள்ள பம்ப் இருக்கு! ஓடு!"

அவள் ஓடினாள். சனம் கமராவைச் சுற்றி அடைத்துக்கொண்டு நின்றதால் முன்பக்கம் நெருங்க முடியாமல் மருந்தோடு படியேறி என்னிடம் வந்தாள். கம்பிவலைக்குப் பன்னிரண்டு திருகாணி. நானே முறுக்கியது, ஒன்றும் குறைக்கவில்லை. லூக்கும் நானும் ஆளுக்கு ஆறாகக் கழற்றினோம். அளவுநாடாவின் நுனியில் மூச்சு மருந்தைக் கட்டி அந்தத் துவாரத்தால் இறக்கினேன். அது காற்றில் ஆடியது. முசியே பார்ஃபேதான் எட்டிப் பிடித்து, முழந்தாளில் நின்று, மதாமின் வாயில் வைத்து அழுத்தினார்.

ஐந்து நிமிடத்தில் மதாமுக்கு நிறம் திரும்பியது. அவர் சொன்ன முதல் வார்த்தை: "இந்த ஆண்களோடு செத்துப்போக எனக்கு விருப்பமில்லை." தரையில் மல்லாந்து படுத்தார். கமராக்காரர்களை விலக்கிக்கொண்டு போன நிர்மலா வெளியே நின்று தோளைப் பிடித்து இழுத்தாள். அவர் வந்தபின் மற்றவர்களுக்கும் முதுகு வளைந்தது. அமைச்சர் இரண்டாவது. செயலாளர் தன் மேற்சட்டையை விரித்து மறைத்துப் பார்த்தார். மறைந்தது செயலாளர் மட்டும்தான்.

கடைசியில் முசியே பார்ஃபே குனிந்தார். இரும்புப் பற்களைப் பார்த்தார். நிமிர்ந்துவிட்டார். மறுபடி குனிந்தார். "நான் பிறகு வருகிறேன்," என்றார், கூட்டத்துக்கு வருவதைப்போல. எல்லோரும் பாற்கட்டியும் வைனும் இருந்த பக்கம் போய்விட்டார்கள். நிர்மலா மேலே வந்து லூக்கோடு கயிற்றை எடுக்கத் தொடங்கினாள். நான் துவாரத்தருகே பதிவுப் புத்தகத்தோடு இருந்தேன்.

"சிவா," என்று கீழிருந்து குரல். "புத்தகத்தில் ஊசி போட மறந்துவிட்டேன் என்று எழுது."

"நான் மறக்கவில்லை முசியே."

"ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும், அவ்வளவுதான். நான் பார்த்துக்கொள்வேன். நீ எழுதாவிட்டால் அந்தப் பொறியியலாளர் மேல்தான் போகும். அவளுடைய முத்திரை."

அவர் பேசியது பிரெஞ்சு. நிர்மலாவுக்குப் போதிய அளவு விளங்கியது. கயிற்றிலிருந்து கையை எடுக்காமலே தமிழில் சொன்னாள்.

"சார், என்னைக் காப்பாத்தறேன்னு எதுவும் எழுதாதீங்க. நடந்ததை எழுதுங்க. போதும்."

எழுதினேன். துண்டுக் கடதாசி வந்தது, தொலைபேசியில் சொன்னது, நான் அதற்கு இணங்கி ஊசி போடாமல் விட்டது, சுத்தியலால் அடித்தது, எல்லாம். துண்டை அந்தப் பக்கத்தில் ஒட்டினேன். பிறகு துவாரத்தருகே குப்புறப் படுத்து, எழுதியதைக் கீழே வாசித்துக் காட்டினேன். முடித்தபோது பார்ஃபே என்ற சொல் வரவில்லை. அவர் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார். முகத்தை இரண்டு கையாலும் மூடினார். தோள் குலுங்கியது.

"போய்விடாதே," என்றார். "எனக்கு மூடிய இடம் ஒத்துவராது. சின்ன வயதிலிருந்தே. ஏதாவது பேசு."

எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. துருசு எப்படிக் கட்டுவது என்று சொல்லத் தொடங்கினேன். அடிக்கல் எத்தனை அங்குலம், தவாளிப்பை எப்படித் தேய்ப்பது, மாரியில் முதல் வெள்ளம் வரும்போது காவற்காரர் எத்தனை சுற்றுத் திறப்பார். இருபது நிமிடம் சொன்னேன். பிறகு கயிறு விடுபட்டது.

விசாரணைக் குழுவில் ஐந்து பேர். புத்தகத்தையும் துண்டையும் முன்னால் வைத்தேன். தலைவி துண்டைக் கண்ணாடி போட்டுப் படித்தார். "இதில் திகதி இல்லையே," என்றார். திகதி இல்லாத ஆவணத்தைக் கருத்தில் எடுக்க விதி இடம் தரவில்லையாம். முசியே பார்ஃபே மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வாரத்தில் அறிக்கை வந்தது. விபத்துக்குக் காரணம், மண்டபத்தின் ஈரப்பதம்.

நிர்மலாவிடம் அதைக் காட்டினேன்.

"கரெக்ட்டுதான் சார்," என்றாள். "ஈரப்பதத்துக்கு லைசென்ஸ் இல்ல, யூனியன் இல்ல, குடும்பம் இல்ல. அதான் அதை மாட்டிவிட்டாங்க."

காற்றை உலர்த்த இரண்டு இயந்திரம் வாங்கினார்கள். தொலைக்காட்சியில் அமைச்சர் ஊர்ந்ததைப் பார்த்த சனம் கட்டடத்தைச் சுற்றி வரிசையில் நின்றது. நூதனசாலையில் அதற்கு முன் அப்படி வரிசை நான் கண்டதில்லை. முசியே பார்ஃபேக்குப் பதவி உயர்வு. எனக்கு எச்சரிக்கையும் இல்லை, பாராட்டும் இல்லை. நிர்மலாவின் நிறுவனம் அடுத்த வேலைக்கு வேறு ஒருவரை அனுப்பியது, எடை கேட்காதவர். மறு வருடம் அவள் சொந்தமாக ஒரு பொறியியல் கந்தோர் திறந்தாள்.

கண்காட்சி முடிந்து கோட்டைவாசலைக் கழற்றும் நாள். உருளை அறையில் நான் தனியே போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். படியில் காலடிச் சத்தம். முசியே பார்ஃபே. அந்தப் படியில் அவர் ஏறியது அதுதான் முதல் தடவை. மூச்சு வாங்கியபடி துவாரத்தருகே போய்க் கீழே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இங்கிருந்து எல்லாம் தெரிகிறது," என்றார்.

"ஓம் முசியே. அதற்காகத்தான் இப்படிக் கட்டினார்கள்."

"அன்று நீ என்ன பார்த்தாய்?"

"உங்கள் தலைமயிர் மட்டும்தான் தெரிந்தது."

அவர் என்னைப் பார்த்தார். அவருக்குத் தலைமயிர் அதிகம் கிடையாது. கொஞ்சம் சிரித்தார். பதிவுப் புத்தகம் எங்கே என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தைத் தேடி, நான் எழுதியதை ஆரம்பத்திலிருந்து நின்றபடியே படித்தார். அடுத்த கூட்டத்துக்குப் போகாமல் அவர் ஒன்றை முழுதாகப் படித்து நான் கண்டது அன்றுதான். பிறகு பேனாவைத் திறந்து, என் கையெழுத்துக்குக் கீழே, 'மேற்கூறியது உண்மை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

விசாரணை மூடி நான்கு மாதம். அந்தக் கையெழுத்தால் இனி யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். புத்தகத்தைத் திருப்பித் தந்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்து இரண்டு படி இறங்கினார். நின்றார். மறுபடி ஏறி வந்து, புத்தகத்தை வாங்கி, திகதியையும் போட்டுவிட்டுப் போனார்.